முன் படம்

வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டைக்குள் பாதி நுழைந்த கை அங்கேயே நின்றுவிட்டது. லோடுமேன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து, அகலமான மூட்டையைச் சந்துக்குள் திருப்பி நுழைப்பதுபோலக் கையை மெல்ல உள்ளே தள்ளினான். எலும்புக்கும் சதைக்கும் நடுவில் யாரோ மணலைக் கொட்டியதுபோல நெறுநெறுத்தது. மனைவி தேய்த்துவிட்ட தைலத்தின் காரம் மூக்கில் ஏறியது. ஆனால் அதற்கும் மேலாக ஒரு நாற்றம் தோலிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. நகக்கண்ணில் கறுப்பு.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, தெருவே வாய்க்காலில் இறங்கியிருந்தது. மழைக்கு முன்னால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் இறங்குவது அந்தத் தெருவின் ஏற்பாடு. யாரும் எழுதி வைத்ததில்லை. இறங்காத வீட்டுக்காரனோடு யாரும் சண்டைக்கும் போவதில்லை. தண்ணீர்க் குழாயில் அவன் வீட்டு வாளிக்கு மட்டும் ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வாய்க்கால் வீடுகளின் பின்பக்கமாக ஓடி, கடைசி வீட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்க்குள் விழும். அந்தக் கடைசி வீட்டில் தையற்காரி இருந்தாள். ரோட்டை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, அவள் வீடு ஒரு முழம் பள்ளத்துக்குப் போய்விட்டது. குழாய் அடைத்தால் தண்ணீர் முதலில் போகும் இடம் அவள் தரை. அதனால் குழாய்க்குள் தலையை விட்டுக் கடைசி வண்டல் வரைக்கும் வழித்தெடுத்தது லோடுமேன்தான். குப்பை லாரியில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு செத்துவிடும் என்று ஊரில் நினைப்பு. சாகாது. பழகிக்கொள்ளும், மற்றபடி எல்லாம் தெரியும்.

மகள் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வெள்ளை டி-ஷர்ட்டை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். டி-ஷர்ட்டின் முதுகில் நீலக் கட்டத்துக்குள் பெரிதாக ஆறு என்று எண். உலகம் முழுக்கச் சேர்ந்து எடுத்துக்கொண்ட பதினேழு இலக்குகளாம். ஆறாவது, சுத்தமான தண்ணீரும் கழிவு அகற்றலும். அந்த இலக்கைத் தங்கள் பகுதியில் எப்படி நிறைவேற்றினோம் என்று மாணவர்கள் காட்ட வேண்டும். ஜெயிக்கிற குழுவிலிருந்து நான்கு பேரை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்புவார்கள்.

"நான் எந்த நம்பரும்மா?" என்று கேட்டான்.

"நீங்க எல்லா நம்பர்லயும் வருவீங்கப்பா."

"சம்பளம் எந்த நம்பர்ல வருதுன்னு பாத்துச் சொல்லு."

அவள் சிரித்தாள். நல்ல பெண். போன மாதம் வாய்க்காலில் கறுப்புத் தண்ணீரும் பாட்டில்களும் வயிறு ஊதிய நாயுமாகக் கிடந்ததை போனில் படம் எடுத்துக் கல்லூரியில் காட்டியிருந்தாள். அந்தப் படம்தான் அவளைக் குழுவுக்குள் சேர்த்தது. இன்று பிற்பகல் குழு இடத்தைப் பார்க்க வருகிறது என்றாள்.

வேலை முடிந்து வந்து தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள். வேனிலிருந்து எட்டுப் பத்துப் பேர் இறங்கினார்கள். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்ட ஓர் உயரமான பையன், கூடவே பொறுப்பாசிரியை. குதிகால் செருப்பு கடித்து நொண்டிக்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பின்பக்கம் போய் நின்றார்கள். வாய்க்காலில் கணுக்கால் அளவுத் தண்ணீர், அடி மண் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. செத்த வீட்டுக்கு வந்துவிட்டு, பிணம் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுபோல நின்றார்கள்.

"இதுதான் அந்த இடமா?" என்றான் கேப்டன்.

"ஆமா. நேத்து க்ளீன் பண்ணிட்டாங்க," என்றாள் மகள். திருட்டை ஒப்புக்கொள்கிற குரல்.

"யாரு?"

"தெருவுல... எல்லாரும்."

கேப்டன் தையற்காரியின் பக்கம் திரும்பினான். அவள் பின்வாசலில் மிஷினைப் போட்டு, பள்ளிக்கூடச் சீருடைகளைக் குவித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் ஆன்ட்டி, ஒரு ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

தையற்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மழைகிட்ட சொல்லி வெச்சிருந்தா பொறுத்திருப்போம் தம்பி. அதோட போன் நம்பர் எங்ககிட்ட இல்ல."

பொறுப்பாசிரியை, மக்களே முன்வந்து செய்தது ரொம்பப் பெருமையான விஷயம் என்றார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நமக்கு முன் படம் வேணுமே," என்றார். விதி அப்படி. சுத்தம் செய்யும் நாளிலேயே தேதியோடு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், நடுவில் எத்தனை கிலோ அகற்றினார்கள் என்ற எடை. கிலோவுக்குத்தான் மதிப்பெண். இரண்டு தெரு தள்ளி இதைவிட மோசமான சாக்கடை ஒன்று இருந்தது. தையற்காரியே அதைக் கை காட்டினாள். ஆனால் இந்த இடத்தைப் பதிவு செய்து அனுப்பிவிட்டார்கள். இனி மாற்ற முடியாது, நாளையோடு கெடு முடிகிறது. கேப்டன் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிற தண்ணீரை ஒருவன் அவ்வளவு வெறுப்போடு பார்த்து லோடுமேன் கண்டதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மகள் சொன்னாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரே ஒரு லோடு குப்பை. காலையில் கொட்டி, படம் எடுத்து, சாயங்காலத்துக்குள் துடைத்து எடுத்துவிடுவார்கள். ஒரு துண்டுகூட இருக்காது.

மனைவிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ரத்தமும் சீழும் அவளுக்குப் புதிதில்லை. அவளே கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"குளிச்சு முடிச்ச கொழந்தை மேல பீயைப் பூசி, மறுபடி குளிப்பாட்டிக் காட்டறதுக்கு ஒரு காலேஜா?"

"அம்மா, ஒரு நாள்தான்."

"அந்த ஒரு நாள்ல மழை வந்தா?"

"வராதும்மா. போன்ல பாத்துட்டேன்."

"எந்த வண்டி?" என்றான் லோடுமேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததிலேயே தெரிந்துவிட்டது. "எங்க சூப்பர்வைசர்கிட்ட பேசியாச்சா?"

"மேடம் பேசிட்டாங்க."

அவன் முடியாது என்றான். அந்தக் குழாய்க்குள் தலையை விட்டவன் நான், என் கையாலயே கொட்ட மாட்டேன் என்றான். அவள் கத்தவில்லை. அழுதிருந்தால்கூட அவன் பிடிவாதமாக இருந்திருப்பான்.

"அங்க ஒருத்தன் எங்கப்பா கம்பெனில சோலார் போட்டிருக்கோம்ங்கறான். ஒருத்தி எங்க தோட்டத்துல மழைத்தண்ணி சேக்கறோம்ங்கறா. நான் என்னத்தைச் சொல்றது? என்கிட்ட இருந்தது இந்த வாய்க்கால் ஒண்ணுதான்ப்பா. அதையும் நீங்க சுத்தம் பண்ணிட்டீங்க."

மனைவி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

காலையில் யார்டில் சூப்பர்வைசர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினான். பன்னிரண்டு வருட வேலையில் அந்தக் கை அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "உன் பொண்ணாமே. சொல்லவே இல்ல. நம்ம டிப்போ பேரும் சர்டிபிகேட்ல வருதாம். நல்லா பாத்துக் கொட்டிட்டு வா."

லாரி டிரைவருக்கு ஹாரன் என்று பெயர். காலி ரோட்டிலும் அடித்துக்கொண்டே போவான். அன்று அடிக்காமல் ஓட்டினான். "எடுத்ததைத் திருப்பிக் கொட்டற உத்தியோகத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றான். "நாளைக்கு உள்ள போனதையும் வாந்தி எடுத்துக் காட்டுன்னு கேப்பாங்க." லோடுமேன் சிரிக்கவில்லை. கேப்டன் சூப்பர்வைசரிடம் போனில் கேட்டிருந்தானாம், படத்தில் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் அதிகமாக இருந்தால் நல்லது என்று. கடையில் மிட்டாய் தேர்ந்தெடுப்பதுபோல. ஆனால் அன்றைக்குக் கிடைத்த லோடு மீன் சந்தையிலிருந்தும் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்தும் வந்தது. செதிலும் குடலும், உப்பிப்போன குழந்தை நாப்கின்களும், புளித்த சோறும், முடியும். வெயில் ஏறுவதற்கு முன்பே கொதித்துக்கொண்டிருந்தது.

லாரியை ரிவர்ஸிலேயே வாய்க்கால் ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டியைத் தூக்கினால் காய்ந்த குப்பை தானே விழும். ஈரக்குப்பை விழாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். முள்வாரியால் இழுத்துத் தள்ள வேண்டும். கொக்கியைத் தட்டிக் கதவைத் திறந்ததும் முதலில் தண்ணீர்தான் வந்தது, பழுப்பாக, நுரையோடு. பிறகு பொத்தென்று ஒரு கட்டி. மீதி நின்றது. அவன் முள்வாரியை எடுத்தான். தோள் கத்தியது. இழுத்தான்.

தையற்காரி ஜன்னலில் நின்றாள். "அண்ணே, தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க."

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவாங்கம்மா."

"யாரு?"

அவன் தாடையால் மாணவர்களைக் காட்டினான். புத்தம்புதுக் கையுறைகளை உறையிலிருந்து எடுத்து விரல் விரலாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அளவு பெரிதாக இருக்கிறது என்றாள். தையற்காரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கங்க. யூனிபார்ம் படத்துல விழுது," என்றான் கேப்டன். அவன் தள்ளி லாரிக்குப் பின்னால் போய் நின்றான். அவர்கள் முன் படம் எடுத்தார்கள். மூக்கைப் பிடித்தபடி ஒன்று, வருத்தமான முகத்தோடு ஒன்று. மகளை வாய்க்கால் ஓரத்தில் குந்த வைத்து, கன்னத்தில் கையை ஊன்றச் சொல்லி ஒன்று. வெகுகாலமாக இதன் பக்கத்தில் வாழ்கிற பெண் என்பது அந்தப் படத்துக்குத் தலைப்பாம். அவள் நன்றாகவே வருந்தினாள். அவன் லாரியின் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

முதல் அரை மணி நேரம் வேகமாகத்தான் செய்தார்கள். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. பாட்டில், பை, டப்பா என்று நீளமான இடுக்கியால் எடுத்து சாக்கில் போட்டார்கள். பாடிக்கொண்டேகூடச் செய்தார்கள். அவனும் ஹாரனும் சேர்ந்து சில சாக்குகளைக் கட்டிக் கொடுத்தார்கள். காய்ந்தது தீர்ந்து, கீழே இருந்த ஈரம் வெளியே வந்ததும் பாட்டு நின்றது. ஒரு பையன் நாப்கினைத் தூக்கினான்; அது கிழிந்து அவன் பூட்ஸில் கொட்டியது. அவன் வேனுக்குள் போனவன் திரும்பி வரவில்லை. ஒருத்தி வாந்தி எடுத்தாள். பொறுப்பாசிரியை எல்லோருக்கும் ஜூஸ் வாங்கி வரச் சொன்னார். குடித்த டப்பாக்களையும் சாக்கில் போட்டு எடை பார்த்தார்கள். கிலோ போதவில்லை. சாக்குகளை வாய்க்கால் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்தால் ஏறும் என்று யாரோ சொன்னார்கள். ஏறியது.

ஹாரனுக்கு அடுத்த டிரிப் இருந்தது. எடை போட்ட சாக்குகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. லோடுமேனை மட்டும் சூப்பர்வைசர் போனில் அங்கேயே இருக்கச் சொன்னான், படத்துக்கு வேண்டுமாம்.

உச்சி வெயில். கேப்டன் போனைத் தூக்கிப் பிடித்து நடந்து நடந்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். குழாய்க்கு மேலே ரோட்டில் நின்று, தண்ணீர் வருகிற பக்கமாகத் திரும்பி எடுத்தால் பத்தடி வாய்க்கால்தான் விழும். அந்தப் பத்தடியைச் சுத்தமாக்கினால் போதும். அங்கே கிடந்த ஈரக்குப்பையை என்ன செய்வது என்று கேட்டாள் ஒருத்தி. "பைப் பக்கமா தள்ளிடலாம், ஃபிரேம்ல வராது," என்றான். தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்திய நீளக் கழி சுவரில் சாத்தியிருந்தது. அதை எங்கே வைத்திருப்பார்கள் என்று மகளுக்குத்தான் தெரியும். எடுத்து வந்தாள். குப்பையைக் குழாய் வாயருகே ஒதுக்கினார்கள். அப்போதும் விளிம்பு தெரிகிறது என்றான் கேப்டன். மகள் கழியைக் குழாய்க்குள் விட்டுக் குத்தினாள். உள்ளே போனது. இன்னொரு முறை குத்தினாள். சமையலறையில் சட்டி விளக்குகிறவளைப்போலக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு. நிமிர்ந்தபோது அப்பாவைப் பார்த்தாள். அவன் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். மறுபடி குனிந்து குத்தினாள்.

அவன் ஓடிப்போய்க் கழியைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அவளைக் கேவலப்படுத்தக் கூடாது என்று நினைத்தான். அவனைக் கேவலப்படுத்துவதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை, அவன் உட்பட.

பின் படம் எடுத்தார்கள். இப்போது அவனும் வேண்டும் என்றார்கள். அவன் சட்டை முழுக்க மீன் நீர் என்பதால் ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் பதினொன்று, அது என்ன இலக்கோ. கையைத் தூக்க முடியாததால் கேப்டனே மாட்டிவிட்டான், ரொம்ப மரியாதையாக, "மெதுவா அங்கிள்" என்று சொல்லி. நடுவில் நிறுத்தினார்கள். சிரிங்க என்றதும் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. வேன் போன பிறகும் தாடை வலித்தது. "மிச்சத்துக்கு வண்டி வரும்ல அங்கிள்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனான் கேப்டன். மகளும் அந்த வேனில்தான் போனாள். அறிக்கை எழுத வேண்டுமாம்.

சாயங்காலம் யார்டுக்குப் போய் வண்டி கேட்டான். சூப்பர்வைசர் போனில் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "பிரமாதமா வந்திருக்கு பாரு."

"குழாய்க்குள்ள முக்கால் லோடு கெடக்கு சார். மழைக்குள்ள எடுக்கணும்."

"அந்த இடம் சுத்தம்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். சுத்தமான எடத்துக்கு எப்படிய்யா வண்டி அனுப்பறது? மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

"சார், நான்தான் சார் கொட்டினேன்."

"அதை வெளிய சொல்லாத," என்றான் சூப்பர்வைசர், அக்கறையாக.

இருட்டுவதற்குள் தனியாகப் போய்க் கழியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தான். பாறையில் முட்டியதுபோல நின்றது. இரண்டு இழுப்புக்குமேல் தோள் ஒத்துழைக்கவில்லை. தையற்காரி வீட்டு ஜன்னல் சாத்தியே இருந்தது. யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனான். மனைவி சாப்பாடு போட்டாள்; தைலம் தேய்க்கவில்லை.

காலையில் டிரிப்புக்கு மேல் டிரிப். போனில் வராது என்று காட்டிய மழை பிற்பகலில் வந்தது, லாரி கண்ணாடியே தெரியாத அளவுக்கு. அவன் முழங்கால் தண்ணீரில் தெருவுக்குள் ஓடி வந்தபோது தையற்காரியின் வீட்டு வாசலில் கூட்டம். தண்ணீர் அவள் வாசல்படியைத் தாண்டிப் போய் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீர் இல்லை. அவனுக்கு ஒவ்வொன்றும் தெரியும். அவன் இழுத்துத் தள்ளியவை. செதில்கள் சுவரில் ஒட்டி மின்னின. மிஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சீருடைக் குவியல் பாதி நனைந்து, வெள்ளைச் சட்டைகள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. அவன் மனைவி உள்ளே குனிந்து வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரும் திட்டவில்லை. அவன் உள்ளே வருவதற்கு யாரும் நகர்ந்து வழியும் விடவில்லை.

அவன் பின்பக்கம் போய் வாய்க்காலில் இறங்கினான். தண்ணீர் மார்பளவு. மூச்சைப் பிடித்து முங்கி, குழாய் வாயில் இடது கையை விட்டான். உள்ளே மெத்தென்று இருந்தது, பெரிய மிருகத்தின் வாய்க்குள் கையை விட்டதுபோல. பிடித்து இழுத்தான். ஒரு கை நிறைய வந்தது. வெளியே எறிந்துவிட்டு மறுபடி முங்கினான்.

எழுந்தபோது மகள் குடையோடு நின்றிருந்தாள். அதே டி-ஷர்ட். தையற்காரி பின்வாசலில் தண்ணீரை வாரி ஊற்ற வந்தவள் அவளைப் பார்த்து நின்றாள்.

"முடிவு சொல்லிட்டாங்களா?" என்றாள் தையற்காரி.

மகள் தலையை ஆட்டினாள். "ஆமா அத்தை."

"நீ போறியா?"

"நாலு பேர்ல நானும்."

"எப்போ?"

"அடுத்த மாசம்."

"நல்லா போயிட்டு வா," என்றாள் தையற்காரி. கேலியாகச் சொல்லவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

மகள் குடையை மடக்கினாள். மழை அவள் தலையில் நேராக விழுந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டாள், முகம் சுளித்தது, அங்கேயே உட்கார்ந்திருந்தாள், இறங்காமலும் எழாமலும். அப்பா அவளைக் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான்.

குழாய் இன்னும் திறக்கவில்லை. லோடுமேன் வீடு, தெருவுக்கு ஒரு வாய்க்காலும் தையற்காரிக்குக் காய்ந்த தரையும் கடன்பட்டிருந்தது.